பால் காய்ச்சுவது வேறு, குடி போவது வேறு: புது வீட்டுக் காற்றைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

‘புது வீட்டு வாசனை’ என்று மெச்சிக்கொள்கிறோமே, அது பெரும்பாலும் தின்னரும் ரப்பர் பசையும் பாலிஷும் காயக் காய வெளிவிடும் ஆவி. கொஞ்ச நாளில் போய்விடும் என்பதும் பாதிதான் உண்மை. பெயிண்ட் வாடை வாரக்கணக்கில் அடங்கும். அலமாரிப் பலகையின் பிசினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக்கணக்கில், சில பலகைகளில் வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். அதை மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. பலருக்கு வாடையே தெரியாத அளவிலேயே அது உடல்நலத்துக்கான வழிகாட்டி அளவைத் தாண்டியிருக்கும். உள்ளே நுழைந்த பத்து நிமிடத்தில் மூக்கு எந்த வாடைக்கும் பழகியும் விடும்.

நம் ஊரில் இதைக் கெடுப்பது நாட்காட்டி. ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. ஆகவே தை முதல் முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூச்சு, பட்டி, பெயிண்ட், மரவேலை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். சுவர் காயாமலேயே மூடப்படுகிறது. பாலிஷ் காயும் முன் சாமான் வந்து இறங்குகிறது.

இதற்கு எளிய வழி, இரண்டு தேதி வைத்துக்கொள்வது. முகூர்த்தத்தில் பால் காய்ச்சுங்கள், ஹோமம் செய்யுங்கள். அன்றிரவு அங்கே தங்கும் வழக்கம் இருந்தால் ஜன்னல்களைத் திறந்துபோட்டு ஹாலில் படுங்கள். கட்டில், மெத்தை, பிள்ளைகளோடு குடி போவதை நான்கிலிருந்து ஆறு வாரம் தள்ளி வையுங்கள். வாடகை இரட்டிப்பாகும் என்பது உண்மையான சங்கடம்தான். அதனால்தான் இந்தக் கணக்கைக் கட்டட வேலை முடிந்த பிறகு போடாமல், பூச்சு வேலை தொடங்கும்போதே போட வேண்டும்.

பின்னாலிருந்து நாள் எண்ணுங்கள்

குடி போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஆயிரம் சதுர அடி வீட்டுக்குத் தோராயமாக இப்படி வரும். காற்றைப் பரிசோதித்து முடிவு வாங்க 10 நாள். காற்றோட்டம் விட 20 முதல் 30 நாள். முழுச் சுத்தம் செய்ய 3 நாள். கடைசிக் கோட் பெயிண்ட், பாலிஷ் காய 10 நாள். மரவேலைக்கு 30 நாள். பட்டி, ப்ரைமர், முதல் கோட்டுக்கு 15 நாள். அதற்கு முன் பூச்சு நனைக்க 7 முதல் 10 நாள், காய 28 நாள். மழைக்காலமானால் காய்வதற்கு மட்டும் 45 நாளுக்கு மேல். கூட்டினால் நான்கு மாதத்துக்குக் குறையாது. தையில் பால் காய்ச்சி மாசியிலோ பங்குனியிலோ குடி போக வேண்டும் என்றால் உட்பூச்சு புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

வரிசையில் ஒரு விதியை மட்டும் மாற்றவே கூடாது. வாடை விடும் வேலை எல்லாம் முதலில், வாடையை உறிஞ்சும் பொருள் எல்லாம் கடைசியில். மெத்தை, சோபா, திரைச்சீலை, தலையணை, புத்தகம், துணிமணி ஆகியவை தின்னர் ஆவியை உறிஞ்சிவைத்துக்கொண்டு, பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திருப்பி விடும். பாலிஷ் வேலை நடக்கும் வீட்டில் புது சோபாவை பாலிதீன் போட்டு மூடி ஓரமாக வைப்பது பரவலான தவறு. அந்த பாலிதீனை அவிழ்க்கும் நாளில் இரண்டு வாடையும் சேர்ந்து வரும்.

சுவர் காய்ந்துவிட்டதா?

ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் முதலில் கொப்புளம், உரிதல், உப்பு பூத்தல். புதுப் பூச்சின் காரத்தன்மை 12, 13 பிஎச் வரை இருக்கும். ஈரம் வெளியே வரும்போது அந்தக் காரத்தையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். காற்றைப் பொறுத்தவரை இதைவிட மோசமானது அலமாரிக்குப் பின்னால் நடப்பது. சுவரை ஒட்டிய பலகைக்கும் ஓதம் நிறைந்த பூச்சுக்கும் இடையில் காற்றே போகாது. அங்கே ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அடுத்த வருடம் துணியில் மக்கல் வாடை வரும்போதுதான் தெரியும்.

சோதனை சுலபமானது. ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிவான பாலிதீன் துண்டை வெட்டி, சுவரிலோ தரையிலோ நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் முழு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் நிறம் கறுத்திருந்தாலோ சுவர் காயவில்லை. சோதிக்க வேண்டிய இடங்களும் உண்டு. பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவர், மழைக்காற்று அடிக்கும் வெளிச்சுவரின் உள்பக்கம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், அலமாரி வரப்போகும் மூலை. நடுச்சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

இரண்டு முள் குத்தும் ஈரமானி மரத்துக்கென அளவிடப்பட்டது. சுவரில் அது காட்டும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. பழைய, நன்றாகக் காய்ந்த சுவர் ஒன்றில் வைத்து வரும் எண்ணோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். கான்கிரீட் தளத்துக்குப் பொதுவான கணக்கு, நல்ல காற்றோட்டத்தில் ஓர் அங்குலத் தடிமன் காய ஒரு மாதம். தரையில் வினைல் விரிப்போ மரத்தளமோ ஒட்டப்போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஓடு, கிரானைட் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

அலமாரி வைக்கும் ஆசாரியிடம், முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் அரை அங்குலம் இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். இடம் வீணாகிறது என்பார். பரவாயில்லை.

உண்மையான வில்லன் அலமாரி

பெயிண்டைப் பற்றிக் கேட்கும் கேள்வியில் பாதியையாவது பலகையைப் பற்றிக் கேட்க வேண்டும். எம்ஆர் ரக (ஈரத்தை ஓரளவே தாங்கும்) ப்ளைவுட், மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் ஆகியவற்றில் மரத்தை ஒட்டவைப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். ஈரமும் வெப்பமும் பட்டால் அது சிறிது சிறிதாக உடைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு ஆகியவை உடனே தெரிபவை. நீண்டகாலக் கணக்கில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2004-இல் சேர்த்தது. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டில் இருப்பது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின். பெயரில் ஃபார்மால்டிஹைடு இருந்தாலும் அது கெட்டியாகப் பிணைந்துவிடும். வெளிவிடுவது மிகக் குறைவு. சமையலறைக்குத் தண்ணீர் தாங்க வேண்டும் என்று மரைன் ப்ளைவுட் வாங்குகிறவர்கள், படுக்கையறை அலமாரிக்கு ‘அங்கே தண்ணீர் எங்கே படப்போகிறது’ என்று எம்ஆர் வாங்குகிறார்கள். எட்டு மணி நேரம் கதவை மூடிக்கொண்டு தூங்கும் அறை அதுதான்.

பலகை விடும் ஃபார்மால்டிஹைடு ஒரு வரம்புக்குள் இருப்பதைக் காட்டும் ஈ-1 முத்திரை பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் அந்த எண் எங்கே எடுக்கப்பட்டது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 23 டிகிரி வெப்பம், 45 சதவீத ஈரப்பதம், ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு சதுர மீட்டர் பலகை, மணிக்கு ஒருமுறை காற்று மாற்றம் என்ற சோதனைப் பெட்டியில், ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஈ-1. நம் அறையைக் கணக்குப் போடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். அதில் எட்டடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழத்தில் ஓர் அலமாரி. கதவு, தட்டு, தடுப்பு எல்லாவற்றின் இரு முகங்களையும் கூட்டினால் 400 சதுர அடி, அதாவது 37 சதுர மீட்டர். சோதனைப் பெட்டியில் இருக்கும் அதே அடர்த்தி! ஆனால் நம் அறையில் 33 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம். வெப்பம் ஆறேழு டிகிரி ஏறினாலே வெளியேற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே ஈ-1 என்பது குறைந்தபட்சத் தகுதிதான். அதைவிடக் குறைவாக வெளிவிடும் ஈ-0 கிடைத்தால் அதையே கேளுங்கள்.

பலகை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் செய்யக்கூடியது அடைப்புதான். மைக்கா ஒட்டிய முகத்திலிருந்து வெளியேறுவது மிகக் குறைவு. வெட்டு விளிம்பிலிருந்து வெளியேறுவதுதான் அதிகம். அதனால்:

1. வெளிப்பக்கம் மட்டும் அல்லாமல் உள்பக்கமும் லைனர் மைக்கா ஒட்டச் செய்யுங்கள். உள்ளே வெறும் ப்ளைவுட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடிப்பது அரைகுறை வேலை.
2. எட்ஜ் பேண்டிங் நான்கு விளிம்பிலும் வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்பில் மட்டும் போட்டு, சுவர்ப் பக்கமும் கீழ்ப்பக்கமும் விட்டுவிடுவது வழக்கம். தட்டு ஒன்றைக் கழற்றிப் பின்விளிம்பைப் பாருங்கள், தெரிந்துவிடும்.
3. கீல் பதிக்கத் தோண்டிய குழி, வயருக்குப் போட்ட ஓட்டை, சிங்க்குக்கு வெட்டிய வாய் ஆகியவற்றில் இரண்டு கை வார்னிஷோ சீலரோ பூசச் சொல்லுங்கள்.
4. முதுகுப் பலகையின் சுவர்ப் பக்கத்தை, பொருத்துவதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும். பொருத்திய பின் கை போகாது.

மைக்கா ஒட்டும் பசையிலும் இரண்டு வகை. வெள்ளைப் பசை தண்ணீரில் கரைந்தது. மெதுவாகக் காயும், வாடை குறைவு. டின்னில் வரும் மஞ்சள் ரப்பர் பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான் இருக்கும்; ஒட்டிய நிமிடமே பிடிப்பதால் ஆசாரிகளுக்குப் பிடிக்கும். வளைவு, விளிம்பு தவிர மற்ற இடங்களுக்கு வெள்ளைப் பசை போதும் என்று வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

தொழிற்சாலையில் செய்து வரும் மாடுலர் கிச்சன் என்றால், பிளாஸ்டிக் உறையைப் பட்டறையிலேயே பிரித்து இரண்டு வாரம் காற்றாட வைத்துவிட்டு அனுப்பக் கேட்கலாம். பாதிப் பேர் சம்மதிப்பார்கள்.

பெயிண்ட், பாலிஷ்

சுவருக்குத் தண்ணீர் எமல்ஷன்தான் இப்போது எல்லாரும் அடிக்கிறார்கள். அதில் பெரிய தொல்லை இல்லை. குறைந்த விஓசி (காற்றில் எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்) என்று டின்னில் போட்டிருப்பதை வாங்கி, அதன் மேல் நிறம் கலக்கும்போது சேர்க்கும் சாயத்திலும் கரைப்பான் உண்டா என்று கடையில் கேளுங்கள். கதவு, ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமலும் அதற்குக் கலக்கும் டர்பன்டைனும்தான் அதிக ஆவி விடுபவை. கம்பிக்குத் தண்ணீரில் கரையும் எனாமல் இப்போது கிடைக்கிறது. ஈயத்தைப் பொறுத்தவரை, வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வந்தது. முத்திரை இல்லாத மலிவு டின்னை வாங்காதீர்கள்.

தேக்குக் கதவுக்கு மெலமைன் பாலிஷ் அடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அது அமிலத்தால் இறுகும் அமினோ பிசின். காய்ந்த பிறகும் சில வாரம் ஃபார்மால்டிஹைடு விடும். பியு (பாலியூரிதேன்) பாலிஷ் அந்த வகையில் நல்லது, ஆனால் ஸ்ப்ரே அடிக்கும் நேரத்தில் ஐசோசயனேட் ஆவி பறக்கும். முறையான முகமூடி போட்ட ஆளைத் தவிர யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. சாத்தியமானால் கதவுகளைக் கழற்றி மொட்டை மாடியில் வைத்துப் பாலிஷ் போடுங்கள்.

பெயிண்டர் வேலை முடித்துப் போகும்போது மிச்ச டின், தின்னர் பாட்டில், நனைந்த துணி எல்லாம் பரணில் ஏறியிருக்கும். ‘டச்சப்புக்கு உதவும்’ என்பார். மூடி சரியாக மூடாத ஒரு தின்னர் டின் போதும், மூன்று வாரக் காற்றோட்டத்தை வீணாக்க. எமல்ஷன் ஒரு லிட்டர் வைத்துக்கொண்டு மற்றதை வெளியேற்றுங்கள்.

தூசியும் ஆசிட்டும்

கிரானைட், டைல் அறுத்த தூளில் சிலிக்கா இருக்கிறது. பட்டி தேய்த்த தூள் மாவைவிட நைசாக எல்லா இடுக்கிலும் படியும். துடைப்பத்தால் பெருக்கினால் அது எழும்பி, திரும்பப் படியும். முதலில் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் வாடகைக்கு எடுத்து உறிஞ்ச வேண்டும், பிறகு ஈரத்துணி. மேலிருந்து கீழே வாருங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் விளக்கு மறைந்திருக்கும் பள்ளம், மின்விசிறி இறக்கையின் மேல்பக்கம், பரண், அலமாரியின் மேல்தலை, ஜன்னல் சறுக்குப் பாதை, கடைசியாகத் தரை. இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை துடைத்தால்தான் மிதந்துகொண்டிருந்ததும் போகும்.

பட்டி தேய்க்கும்போது ஏசியை ஓடவிட்டுக் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூள் ஏசியின் உள்சுருளில் ஈரத்தோடு சேர்ந்து சிமெண்டாக இறுகும். பிறகு அங்கேயே பூஞ்சணம் வளரும். எல்லாத் தேய்ப்பும் முடியும்வரை உள்யூனிட்டைப் பாலிதீனால் கட்டி, டேப் ஒட்டி வைக்கவும்.

டைல் ஒட்டியபின் சிமெண்ட் கறை போகக் கொத்தனார் ஆசிட் ஊற்றுவார். ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி மூச்சைத் தாக்குவதோடு ஏசியின் செம்புக் குழாய், எவர்சில்வர் சிங்க், கைப்பிடி எல்லாவற்றையும் அரிக்கும். நீர்த்தே பயன்படுத்தி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்று முழுவதும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

காற்றோட்டம் விடுதல்

எவ்வளவு காற்று வேண்டும்? லீட் பசுமைக் கட்டடச் சான்றில், குடியேறும் முன் ஒரு சதுர அடித் தரைக்கு 14,000 கன அடி வெளிக்காற்று செலுத்த வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது ஏசி உள்ள பெரிய கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனாலும் வீட்டுக்கு நல்ல அளவுகோல். ஆயிரம் சதுர அடிக்கு 1.4 கோடி கன அடி, அதாவது ஏறக்குறைய 4 லட்சம் கன மீட்டர். மணிக்கு 1,000 கன மீட்டர் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு வைத்தால் 200 மணி நேரம். நாளுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் ஓட்டினால் 22 முதல் 25 நாள். மேலே சொன்ன 20 முதல் 30 நாள் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவு தடையில்லாத நிலையில் எடுத்தது. கொசுவலை, அழுக்கு, குறுகிய வாய் இருந்தால் குறையும். கொஞ்சம் கூட்டியே நாள் வையுங்கள்.

செய்முறை:

1. காற்று எந்தத் திசையிலிருந்து வீட்டுக்குள் வருகிறது என்று ஓர் ஊதுபத்திப் புகையை வைத்துப் பாருங்கள். காற்று வரும் பக்க ஜன்னல்கள் நுழைவாய், எதிர்ப்பக்கம் ஃபேன்.
2. ஃபேனை ஜன்னலில் வைத்துச் சுற்றியுள்ள இடைவெளியை அட்டையாலும் டேப்பாலும் அடையுங்கள். அடைக்காவிட்டால் வெளியே தள்ளிய காற்றே பக்கவாட்டில் திரும்ப உள்ளே வரும்.
3. ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னல்களை மூடுங்கள். அவை திறந்திருந்தால் ஃபேன் அந்தக் காற்றை மட்டும் இழுத்து வெளியே தள்ளும். தூரத்துப் படுக்கையறை அப்படியே கிடக்கும்.
4. அலமாரிக் கதவு, இழுப்பறை, சமையலறைப் பெட்டி, பரண் கதவு எல்லாம் திறந்திருக்க வேண்டும். இழுப்பறைகளை முழுக்க வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். இந்த ஒன்றைச் செய்யாதவர்களுக்கு மற்றதெல்லாம் பாதிப் பலன்தான்.
5. எல்லா அறையிலும் மின்விசிறி நடுவேகத்தில் சுற்றட்டும். மூலையில் தேங்கும் காற்றைக் கலக்கிவிடத்தான் அது, வெளியேற்றுவது எக்ஸாஸ்ட்.
6. நேரம் காலை பத்திலிருந்து மாலை ஆறு, ஏழு வரை. கடலோர ஊர்களில் இரவுக் காற்றின் ஈரப்பதம் 80, 90 சதவீதம். அதை இரவெல்லாம் உள்ளே இழுத்தால் பலகையும் சுவரும் திரும்ப ஈரமாகும். மழை நாளில் ஜன்னலைச் சாத்தி, ஏசியை உலர் நிலையில் வைத்து ஓட்டுங்கள்.

பக்கத்து மனையில் கல் அறுத்தாலோ ஜெனரேட்டர் ஓடினாலோ அந்த நேரம் நிறுத்திவிடுங்கள். சென்னையில் போகி விடியற்காலையும் தீபாவளி இரவும் வீட்டைப் பூட்டி வைக்க வேண்டிய நேரங்கள். வெளிக்காற்றின் நுண்துகள் (பிஎம் 2.5) அளவு 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற தேசிய வரம்பைத் தாண்டும் நாட்களில் நுழைவு ஜன்னலைத் தவிர்த்துவிட்டு வேறு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டை ஹீட்டரால் சூடாக்கி வாயுவைத் துரத்தும் முறை குளிர்நாடுகளில் உண்டு. பலகை நெளிவதும், ஆவி வேறு பொருளில் போய் ஒட்டுவதும் அதன் வினைகள். சித்திரை வெயில் இருக்க நமக்கு ஹீட்டர் எதற்கு? வெயில் நேரத்தில் இரண்டு மணி நேரம் மூடிவைத்துச் சூடேறவிட்டு, பிறகு திறந்து ஃபேன் போட்டால் அதே பலன்.

கிரகப்பிரவேச நாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோமப் புகை மூடிய புது வீட்டில் நுண்துகளை நூற்றுக்கணக்கில் ஏற்றும். சமையலறைச் சிம்னிக்கு அதை இழுக்கும் சக்தி இல்லை. குண்டத்தைப் பால்கனிக் கதவுக்கு அருகில் வைத்து எதிர் ஜன்னலைத் திறந்தாலே போதும். புரோகிதருக்கும் கண் எரியாது.

எல்லாம் செய்தும் வாடை போகவில்லை என்றால்

பல வீடுகளில் அது பெயிண்டே இல்லை. ஆள் இல்லாத வீட்டில் பாத்ரூம் நஹானி டிராப்பில் (தரை வடிகாலின் வளைவில்) நிற்கும் இரண்டங்குலத் தண்ணீர் வற்றிவிடும். சாக்கடை வாயு நேராக உள்ளே வரும். அதுவும் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் இன்னும் வேகமாக இழுக்கும். காற்றோட்டம் விடும் நாட்களில் வாரம் இருமுறை எல்லாத் தரை வாயிலும், சிங்க்கிலும், பால்கனி வாயிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வாஷிங் மெஷின் குழாய்க்கு விட்ட வாய் மூடப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சமையலறைச் சிம்னிக் குழாய் கட்டடத்தின் உள்சந்தில் முடிந்தால், கீழ்வீட்டுத் தாளிப்பு உங்கள் வீட்டுக்கு வரும். குழாய் வெளிக்காற்றில் முடிய வேண்டும், வாயில் திரும்பி வராமல் தடுக்கும் மடல் வேண்டும். கேஸ் கீசர் பாத்ரூமுக்குள் இருந்தால் இந்தச் சமயத்திலேயே வெளியே மாற்றிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

கரித்துண்டு, வெட்டிய வெங்காயம், வினிகர்க் கிண்ணம் ஆகியவற்றால் ஒரு வீட்டின் காற்று மாறாது. செடியும் அப்படித்தான்: மூடிய சிறு பெட்டியில் செய்த சோதனையை வைத்துப் பேசுகிறார்கள், ஜன்னல் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக்குக் குறையாமல் தொட்டி வேண்டும். சாம்பிராணியும் ரூம் ஸ்பிரேயும் வாடையை மறைத்துப் புகையையும் வாயுவையும் கூட்டும். ஓசோன் கருவி எல்லாவற்றிலும் மோசம். எலுமிச்சை, பைன் வாசனைத் தரைக் கழுவியோடு ஓசோன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடே புதிதாக உண்டாகும். ஹெப்பா சுத்திகரிப்பான் தூசிக்கு நல்லது, வாயுவை அது பிடிக்காது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையின் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது.

அளந்து பார்த்தல்

ஆன்லைனில் கிடைக்கும் மலிவு ஃபார்மால்டிஹைடு மீட்டர் சானிடைசர், சென்ட், சமையல் ஆவி எதற்கும் துள்ளும். கையில் சானிடைசர் தேய்த்துப் பக்கத்தில் காட்டிப் பாருங்கள், அதன் யோக்கியதை தெரியும். வாங்குவதென்றால் கரியமில வாயுவை அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் வகை மீட்டர் ஒன்று வாங்குங்கள். காற்று எவ்வளவு மாறுகிறது என்று அது நேர்மையாகச் சொல்லும். படுக்கையறையில் நான்கு பேர் ஒரு மணி நேரம் கதவை மூடி உட்கார்ந்து அளவை 1,600 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு) வரை ஏற்றிவிட்டு வெளியே வாருங்கள். வெளிக்காற்றின் அளவு சுமார் 420. ஒரு மணி நேரத்தில் 1,600 என்பது 800 ஆனால், வெளிக்காற்றுக்கு மேல் இருந்த 1,180 இப்போது 380. இரண்டையும் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 1.13, மணிக்கு ஒருமுறைக்குக் கொஞ்சம் மேலே காற்று மாறுகிறது.

ஃபார்மால்டிஹைடுக்கு, ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் வழி. டிஎன்பிஎச் என்ற வேதிப்பொருள் உள்ள குப்பியில் காற்றை இழுத்து, ஆய்வகத்தின் எச்பிஎல்சி கருவியில் அளக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள்; மீட்டரைக் கையில் பிடித்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பலாம். முந்தின இரவிலிருந்து எட்டு மணி நேரம் ஜன்னல்களை மூடி வைக்க வேண்டும். அலமாரிகளும் அன்றாடம் இருப்பதுபோல மூடியிருக்கட்டும். குப்பி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரத்தில். மரவேலை அதிகமுள்ள படுக்கையறை ஒன்று, சமையலறை ஒன்று என இரண்டு மாதிரி போதும். அன்றைய அறை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இது பின்னால் உதவும்.

முடிவைப் படிப்பது எப்படி? உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டி, அரை மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். லீட் நான்காம் பதிப்பு (2013) கேட்டது 27 பிபிபி (நூறு கோடிக்கு 27 பங்கு), அதாவது சுமார் 33 மைக்ரோகிராம். 33-க்குக் கீழே என்றால் தயங்காமல் குடி போகலாம். 100-க்கு மேல் என்றால் ஒத்திப்போடுங்கள். அலமாரியை ஒவ்வொன்றாக மோந்து, அடைக்காத விளிம்பைக் கண்டுபிடித்து அடைத்து, இன்னும் இரண்டு வாரம் காற்று விடுங்கள். நடுவில் இருந்தால் பெரியவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து வாழலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் காத்திருப்பதே நல்லது. மொத்த விஓசிக்கு அதே பதிப்பின் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராம்.

அலுவலகம், மருத்துவமனை என்றால்

குழாய் ஏசி உள்ள இடங்களில் வேலை நடக்கும்போதே டக்ட் வாய்கள் எல்லாம் மூடப்பட்டிருக்க வேண்டும். ஏசியை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் திரும்பும் காற்றுவாயில் மெர்வ் 8 தர வடிகட்டி (எண் ஏற ஏற இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும்). ஒப்படைக்கும் முன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மெர்வ் 13 புதிது. சதுர அடிக்கு 14,000 கன அடி முடியும்வரை காத்திருக்க முடியாவிட்டால், 3,500 கன அடி முடிந்ததும் ஆட்களை விட்டு, மீதியை நிமிடத்துக்குச் சதுர அடிக்கு 0.3 கன அடி வீதம், தினமும் வேலை தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து செலுத்த லீட் இடம் கொடுக்கிறது. உள்வெப்பம் 27 டிகிரியையும் ஈரப்பதம் 60 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. சென்னையில் வெளிக்காற்றை அப்படியே அடித்து உள்ளே தள்ளினால் இது நடக்காது. குளிர்விக்கும் சுருளை முழு வேகத்தில் ஓட்டியாக வேண்டும். மின்கட்டணத்தை ஒப்பந்தக்காரர் கட்டுவாரா, உரிமையாளர் கட்டுவாரா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் கட்டடங்களில் காற்றோட்டம் விடும் வேலை இந்தச் சண்டையில்தான் நின்றுபோகிறது.

குடி போன பிறகு

மெத்தையின் உறையைப் பிரித்து இரண்டு மூன்று நாள் பால்கனியில் வைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். இரவில் ஏசி போடும்போது பாத்ரூம் எக்ஸாஸ்டை ஓடவிட்டு, ஒரு ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். மீட்டரில் கரியமில வாயு 1,000-ஐ ஒட்டி நிற்கும்படி அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம். அலமாரிக் கதவுகளைப் பகலில் திறந்து வைக்கும் பழக்கம் முதல் ஆறு மாதமாவது வேண்டும்.

தையில் 25 டிகிரியில் எடுத்த அளவு 40 மைக்ரோகிராம் என்று வந்திருந்தால், சித்திரையில் அதே அறை 32 டிகிரியில் 80-ஐத் தொடலாம். அதனால்தான் பரிசோதனை நாளின் வெப்பத்தைக் குறித்துவைக்கச் சொன்னது. மார்கழி, தையில் அளந்தவர்கள் கத்திரி வெயில் தொடங்கியதும் அதே அறையில், அதே இடத்தில் இன்னொரு மாதிரி எடுத்துப் பாருங்கள்.